தூக்குதலும் தாங்குதலும்



33 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் கற்பித்து, அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியர் பேச வந்தால் திருக்குறளைப் பற்றியோ நன்னடத்தையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் பேச வந்திருப்பது ஒரு பழைய ஜீப்பைப் பற்றி. அதன் மேற்கூட்டை, உதவிக்கு ஆள் இல்லாமல், என் வீட்டுக் கார்க் கொட்டகையில் எவ்வாறு தூக்கி எடுத்தேன் என்பதைப் பற்றி.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. விடியற்காலையில் போடிமெட்டுச் சாலையில் நின்று பார்த்தால், கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதைக் காணலாம். என் தமையனார் அத்தகைய ஜீப் ஒன்றை 20 ஆண்டுகள் ஓட்டினார். அவர் மறைந்தபின் அது என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மலை மழையில் ஊறிய அதன் அடிச்சட்டம் துருவேறிப் பல இடங்களில் விரிசல் கண்டிருந்தது. அதனைப் பற்றவைக்க வேண்டுமானால் மேற்கூட்டை எடுத்தே ஆகவேண்டும்.

இன்றைய கார்கள் பலவற்றில் கூடு வேறு, சட்டம் வேறு என்ற பிரிவு இல்லை; தகடே இரண்டுமாக நிற்கிறது. ஜீப் அப்படியன்று. இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த, ஏணி போன்ற ஓர் அமைப்பு அதற்கு அடிப்படை. எஞ்சின், கியர் பெட்டி, அச்சு, சக்கரம் யாவும் அந்த ஏணியைச் சார்ந்தவை. பட்டறையில் இதனைச் சேசிஸ் என்பார்கள். நாம் ஏறி அமரும் தகட்டுத் தொட்டி அதன்மேல் ரப்பர் வில்லைகளை இடையிட்டு போல்ட்டுகளால் பிணிக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் தொட்டி தனி, ஏணி தனி.

நான்கு ஆட்கள் கூடினால் அத்தொட்டியைப் பத்து நிமிடத்தில் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். அதுவே மேலான வழி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தமையனாரின் புதல்வர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அண்டை வீட்டார் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இவை சாக்குகள் என்று என் மனைவி சொல்வாள். 60 வயதைக் கடந்தவனுக்கு ஒரு பிடிவாதம் இருக்கத்தானே செய்யும்!

நெம்புகோலைப் பற்றிப் பேசும்போது ஆர்க்கிமிடீசின் பெயரைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்தால் உலகையே அசைப்பேன் என்று அவர் கூறியதாக வழங்கும் செய்தியை நானும் ஆண்டுதோறும் வகுப்பில் கூறியிருக்கிறேன். அவர் நிற்க இடம் கேட்டார். நெம்பித் தூக்கிய உலகத்தின் அடியில் எதனைக் கொடுத்து நிறுத்துவது என்று கேட்டதாகச் செய்தி இல்லை. தனியாகப் பாரம் தூக்குகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

நம் ஊர்க் கல் தச்சர்கள் அதனை அறிவார்கள். கடப்பாரையால் ஒரு பாறைத் துண்டை அவர்கள் நெம்புவதைப் பார்த்திருப்பீர்கள். விரற்கடை அளவு எழும்பியதும் ஒருவர் அடியில் ஒரு சல்லியைச் செருகுவார். மறுபடி நெம்புவார்கள், முன்னதைவிடப் பெரிய கல்லைச் செருகுவார்கள். எந்தக் கணத்திலும் கடப்பாரை நழுவினால் பாறை விழக்கூடிய தூரம் ஒரு விரற்கடைக்கு மேல் இராது. தேரோட்டத்திலும் இதே முறையைக் காணலாம். வடம் பிடிப்பவர்களையே கூட்டம் பார்க்கிறது. சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்ப்பவர் சிலரே. ஆனால் அத்தனை பெரிய தேர் தெருமுனையில் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில் இருக்கின்றன.

வேலைக்கு வருவோம். தூக்கப்போகும் பொருளின் எடை தெரியாமல் தூக்கக் கூடாது. கண்ணாடிச் சட்டம், இருக்கைகள், முன்பக்க மட்கார்டுகள், மூடி ஆகியவற்றை முன்பே கழற்றியிருந்தேன். வெறும் தொட்டி எவ்வளவு இருக்கும்? 10 அடி நீளமுள்ள ஒரு மரச் சட்டத்தை எடுத்து, தொட்டியின் பின்விளிம்பில் அதன் ஒரு முனையைக் கொடுத்து, அந்த முனையிலிருந்து 2 அடியில் ஒரு கட்டையை அணைவாக வைத்தேன். மறு புறம் 8 அடி. அதன் கோடியில் ஒரு கோணிப் பையைத் தொங்கவிட்டு அரிசியைச் சிறிது சிறிதாகக் கொட்டினேன். 18 கிலோவில் தொட்டியின் பின்புறம் மெல்ல எழும்பியது. 18ஐ 4ஆல் பெருக்கினால் 72 கிலோ. மரச் சட்டத்தின் சொந்த எடையைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்கும் மாணவர் ஒருவர் என் எதிரில் இருந்தால் மகிழ்வேன். அது 10 கிலோ; அதன் நடுப்புள்ளி அணைவிலிருந்து 3 அடியில் உள்ளது; அதனால் வருவது 15 கிலோ. ஆகப் பின்புறம் 87 கிலோ. முன்புறத்தில் 13 கிலோ அரிசி போதுமாக இருந்தது. அங்கே 67 கிலோ. மொத்தம் 154 கிலோ. அந்த அரிசியைத்தான் மறுநாள் சமைத்தோம்.

இனி எதனால் தூக்குவது? கொட்டகையின் உத்திரத்தில் செயின் பிளாக்கைக் கட்டித் தொங்கவிடலாமே என்று ஒரு நண்பர் கூறினார். அந்த உத்திரம் ஓட்டைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. அதன் ஒரு கோடியில் கறையான் அரித்த சுவடும் இருந்தது. கயிற்றின் கோணம் வேறு இருக்கிறது. ஒரு கொக்கியிலிருந்து இரண்டு கயிறுகள் விரிந்து இறங்கும்போது, அவற்றின் இடைக்கோணம் 120 பாகையானால், ஒவ்வொரு கயிறும் பாதி எடையை அன்று, முழு எடையையும் தாங்க வேண்டும். விசைகளின் இணைகரம் வரைந்தவர்களுக்கு இது விளங்கும். கூரை தாழ்ந்த கொட்டகையில் கயிறு அப்படித்தான் விரியும். ஆகவே மேலிருந்து இழுப்பதைக் கைவிட்டு, கீழிருந்து உயர்த்துவது என முடிவு செய்தேன். அதற்குக் கருவி ஜாக்கி.

எண்ணெய் ஜாக்கியின் உள்ளே இருப்பது நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும். சிறிய உந்துதண்டின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதன் பரப்பு 12 என்றால் விசை 12 மடங்காகும். கைப்பிடி மேலும் 10 மடங்கு தரும். உராய்வில் கழிவதை விட்டுவிட்டால் 1 கிலோ எடைக்குரிய விசையால் 120 கிலோவை உயர்த்தலாம். இந்த விதியைக் கொண்டு நீரியல் அழுத்தி செய்து ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது 1795இல்.

இந்தப் பாடத்தை நான் சொல்லும்போதெல்லாம் ஒரு மாணவனின் முகம் எனக்கு நினைவு வருகிறது. 1998இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். நீரியல் அழுத்தியின் படத்தை அவனைப் போல் வரைந்தவர் அந்த வகுப்பில் இல்லை. குடும்ப நிலையால் மேலே படிக்காமல் ஒரு பட்டறையில் சேர்ந்தான். 2001இல் ஒரு நாள், ஜாக்கி மட்டுமே தாங்கி நின்ற ஒரு வேனின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி சரிந்தது. பட்டறையில் அப்போது வேறு எவரும் இல்லை. நான் அவன் வீட்டுக்குச் சென்றபோது அவனுடைய தாய் என்னைப் பார்த்து, “சயின்சுல நல்ல மார்க்குத்தானே சார் வாங்கினான்?” என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். வேறு என்ன சொல்வது?

அன்றிரவு அந்தப் பாடத்திற்கு நான் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சிறு உந்துதண்டு, பெரு உந்துதண்டு, அதன்மேல் ஒரு கார். அம்புக்குறிகள் மேல்நோக்கியே இருந்தன. அந்தக் காரின் அடியில் ஒருவன் படுத்திருக்கக்கூடும் என்பது படத்தில் இல்லை. நானும் கரும்பலகையில் அதை ஒருநாளும் வரைந்ததில்லை. ஜாக்கி எவ்வாறு தூக்குகிறது என்று கற்பித்தேன். எவ்வாறு கைவிடுகிறது என்று கற்பிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் கற்பித்தேன். அதைத்தான் உங்களுக்கும் இப்போது சொல்கிறேன்.

ஜாக்கி கைவிடும் வழிகள் பல. எண்ணெயை அடைத்து நிற்பது ஒரு சிறிய வளையம். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும், பாரம் இறங்கும். திருகு ஜாக்கியில் கசிவு இல்லை. திருகின் உராய்வே அதனை நிறுத்தும். ஆயினும் இரண்டுக்கும் அடிப்பரப்பு சிறியது. மேலும் வண்டியின் ஒரு முனையைத் தூக்கும்போது அம்முனை செங்குத்தாக எழுவதில்லை. தரையில் ஊன்றிய மறுமுனையை மையமாகக் கொண்டு வட்ட வில்லாக எழும். எனவே ஜாக்கியின் தலை எழுகையில் பக்கவாட்டிலும் நகர முயலும். பட்டறையில் உள்ள தள்ளு ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது இந்த நகர்ச்சிக்கும் இடம் கொடுக்கத்தான். சக்கரம் இல்லாத ஜாக்கி சாயத் தொடங்கும். மண் தரையாக இருந்தால் ஒருபுறம் புதையும். எதற்கும் முன்னறிவிப்பு இல்லை. ஓர் அடி உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஆகும் நேரம் ஏறத்தாழ 0.25 நொடி. கண் கண்டு மூளை உணர்ந்து கை அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 நொடி ஆகிவிடுகிறது. “சரிந்தால் உருண்டு வெளியே வந்துவிடுவேன்” என்று சொல்லும் வாலிபர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்குக் கட்டை என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன். பழைய வீடு ஒன்றை இடித்த இடத்தில் தேக்கு, வேங்கை உத்திரத் துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஒன்றரை அடி நீளத்தில் அறுத்தேன். தரையில் இரண்டு கட்டைகளை இணையாக வைத்து, அவற்றின்மேல் குறுக்காக இரண்டு, அவற்றின்மேல் மீண்டும் நேராக இரண்டு எனக் கிணற்றுக்கு உறை அடுக்குவதுபோல் அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அடிப்பக்கத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. செங்கல்லோ உள்கூடான சிமெண்டுக் கல்லோ வேண்டாம். அவை வீட்டுச் சுவரில் பாரத்தைச் சீராகத் தாங்கும். ஒரு முனையில் பாரம் குத்தினால் சொல்லாமல் நொறுங்கும். மரம் அழுந்தும், முனகும். மனிதனுக்கு நேரம் கொடுக்கும்.

முதல் நாள் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். இந்த ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியில் இருக்கிறது. பெட்ரோலை வடித்து, தொட்டியையும் கழற்றி, இரண்டையும் கொட்டகைக்கு வெளியே தொலைவில் வைத்தேன். ஸ்டியரிங் தண்டு, கியர்க் கம்பிகள், பிரேக் இணைப்புகள், விளக்குக் கம்பிகள் எனக் கூட்டையும் சட்டத்தையும் பிணைத்த ஒவ்வொன்றையும் கழற்றித் தாளில் குறித்துக்கொண்டேன். துருவேறிய போல்ட்டுகளுக்கு மூன்று நாள் எண்ணெய் விட்டேன். இரண்டு அப்படியும் மசியாமல் அறுக்க வேண்டியதாயிற்று. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன்.

பிறகு நான்கு மூலைகளையும் ஒரு விரற்கடை மட்டும் உயர்த்தி, அடியில் கட்டை கொடுத்துவிட்டு, வண்டியை மும்முறை சுற்றி வந்தேன். எல்லாம் கழற்றியாயிற்று என்று தாள் சொன்னது. எஞ்சினிலிருந்து கூட்டுக்குச் செல்லும் பின்னல் கம்பி ஒன்று மட்டும் விறைத்து நின்றது. பார்க்காமல் மேலும் ஏற்றியிருந்தால் அது ஒரு புறத்தைப் பிடித்திழுத்துக் கூட்டைச் சாய்த்திருக்கும்.

அதன்பின் வேலை மந்தமானது. மந்தமாக இருப்பதே அதன் சிறப்பு. ஒரு மூலையில் ஜாக்கியைக் கொடுத்து இரண்டு விரற்கடை ஏற்றுவது. அடுக்கில் ஒரு கட்டையைச் சேர்த்து ஆப்பு அடித்து இறுக்குவது. ஜாக்கியைத் தளர்த்திப் பாரத்தை அடுக்கின்மேல் இறக்குவது. அடுத்த மூலைக்குச் செல்வது. ஜாக்கி உயரம் போதாதபோது அதற்கும் ஒரு தனி அடுக்கு. இடம் கிடைத்ததும் கூட்டின் அடியில் குறுக்காக 7 அடி நீளமுள்ள இரண்டு கனத்த இரும்புக் குழாய்களை நுழைத்து, அவற்றின் முனைகள் இருபுறமும் வெளியே நீட்டி நிற்கும்படி செய்து, நான்கு முனைகளின் அடியிலும் அடுக்குகளை அமைத்தேன். இப்படிச் செய்தால் கூட்டின் அடிப்புறம் முழுவதும் திறந்திருக்கும். கட்டை செருகும்போது விரல்கள் அடுக்கின் பக்கங்களைப் பிடிக்க வேண்டுமே ஒழிய, மேலும் கீழும் வரக் கூடாது. ஒரு குச்சியால் தள்ளிச் செருகுவது அதனினும் நன்று. காலையில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் களைப்பு வரும். களைத்தவன் கை கணக்கை மறக்கும்.

கொட்டகையில் கை என்னுடையது மட்டுமே. ஆனால் நான் அங்கே இருக்கிறேன் என்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கால் மணிக்கு ஒரு முறை என் மனைவி சமையலறையிலிருந்து, “என்னங்க?” என்று குரல் கொடுப்பாள். நான், “இருக்கிறேன்” என்பேன். பதில் வராவிட்டால் வந்து பார்க்க வேண்டும். பார்த்து, தானே எதையும் தூக்க முயலாமல் 108க்குத் தொலைபேசியில் சொல்லி, தெருவில் உள்ளவர்களைக் கூப்பிட வேண்டும். இதனை இருவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். முதல் நாள் அவள் சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

நான்காம் நாள் ஒரு பிழை செய்தேன். மாலை மங்கும் நேரம். பின் இடது மூலையை ஏற்றி, அடுக்கில் கட்டையை வைத்தேன், ஆப்பை அடிக்கவில்லை. ஜாக்கியைத் தளர்த்தவும் இல்லை. கட்டைக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் நுழையும் வெளி இருந்தது. “நாளைக் காலையில் இறுக்கிக்கொள்ளலாம்” என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் அந்த வெளி இல்லை. குழாய் கட்டையின்மேல் அமர்ந்திருந்தது. ஜாக்கியைச் சுற்றித் தரையில் ஒரு கையகல எண்ணெய்க் கறை. இரவு முழுவதும், பார்ப்பார் இல்லாத வேளையில், அது சொட்டுச் சொட்டாகக் கசிந்து பாரத்தை இறக்கியிருக்கிறது. கட்டை மட்டும் இல்லாதிருந்தால் அந்த மூலை தாழ்ந்து, மற்ற மூன்று அடுக்குகளிலிருந்தும் கூடு நழுவியிருக்கும்.

நான் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். உள்ளேயிருந்து, “என்னங்க?” என்று குரல் வந்தது. இரண்டாம் முறை கேட்ட பிறகே என்னால் பதில் சொல்ல முடிந்தது. அன்று வேலை செய்யவில்லை. அந்த ஜாக்கியைப் பழுது பார்க்கவும் இல்லை. பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, வேறொன்று வாங்கினேன்.

ஆறாம் நாள் குழாய்கள் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு வந்தன. சக்கரத்தின் உச்சி அவற்றின் அடியில் இடிக்காமல் செல்ல அந்த உயரம் வேண்டும். நான்கு அடுக்குகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கூட்டின் விளிம்பைக் கையால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. சக்கரக் கட்டைகளை எடுத்துவிட்டு, கூட்டின் அடியில் தலை செல்லாதபடி முன்புறம் நின்றுகொண்டு, சேசிஸில் கட்டிய கயிற்றை மெல்ல இழுத்தேன். தூக்கிய கூட்டை நகர்த்துவதைவிட, சக்கரத்தின்மேல் நிற்கும் சட்டத்தை நகர்த்துவதே எளிது. தனியாள் செய்யத்தக்கதும் அதுதான். முதலில் மறுத்தது, பிறகு உருண்டது. எஞ்சின் முன்னே வர, பின்சக்கரங்கள் குழாயின் அடியில் மூன்று விரற்கடை இடைவெளியில் கடக்க, என் தமையனாரின் ஜீப் இரண்டாகப் பிரிந்து வாசலுக்கு வந்து நின்றது. என் மனைவி வெளியே வந்து பார்த்து, இதற்கா ஆறு நாள் என்று கேட்டாள்.

சட்டம் இப்போது பற்றவைப்பவரிடம் இருக்கிறது. அது திரும்பி வரும்வரை கூடு அந்த நான்கு அடுக்குகளின்மேல் நிற்கும். மரம் வெயிலில் சுருங்கும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்று ஆப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். தெருப் பிள்ளைகள் சிலர் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். கதவுக்கு உள்ளே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் அதற்கு இப்பால் நின்று பார்க்கிறார்கள்.